சூடானில் மரபை மாற்றுவது யார்? சட்டமா, வீட்டுப் பெரியவர்களா?

நைல்கரை:
ஒன்பது வருடம் சூடானில், தலைநகர் கார்த்தூமை ஒட்டிய ஓம்துர்மானில் தண்ணீர் பம்பு பொருத்தும் வேலையில் இருந்தேன். 2023 ஏப்ரல் 15-ல் ராணுவத்துக்கும் துணைப்படைக்கும் சண்டை மூண்டதும், இந்தியர்களை மீட்ட ‘ஆபரேஷன் காவேரி’யில் போர்ட் சூடான், ஜெட்டா வழியாக ஊர் வந்து சேர்ந்தேன். போன வாரம் இங்கே ஒருவர், “மதம், மரபு என்று பெண்களை நசுக்கும் நாடு சூடான்” என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போனார். அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

நான் பார்த்த சூடானைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் ஹமத் அல்-நீல் தர்கா முன்னால் கூட்டம் வட்டமாக நிற்கும். நடுவே பச்சையும் சிவப்புமாக ஒட்டுப்போட்ட அங்கி அணிந்த சூஃபிகள் முரசுக்கு ஏற்றபடி சுற்றிச் சுற்றி வருவார்கள். சாம்பிராணிப் புகை, செம்மண் புழுதி, ‘லா இலாஹ இல்லல்லாஹ்’ என்ற ஒரே குரல். மஃரிப் பாங்கு சொன்னதும் எல்லாம் அடங்கிவிடும்.

ரமலானுக்குச் சில வாரம் முன்பே தெருவெங்கும் ‘ஹிலு முர்’ வாசம் வரும். முளைகட்டிய சோளத்தைக் காயவைத்து அரைத்து, இஞ்சியும் மசாலாவும் சேர்த்துப் புளிக்கவைத்து, தகட்டில் மெல்லிசாக ஊற்றிச் சுட்டெடுப்பார்கள். நோன்பு திறக்கும்போது அதைத் தண்ணீரில் ஊறவைத்துக் குடிப்பார்கள். இனிப்பும் கசப்பும் என்பதுதான் அந்தப் பெயருக்கே அர்த்தம். அந்த நேரத்தில் ஆண்கள் தெருவில் பாய் விரித்து, போகிற வண்டியை மறித்து, “இறங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போ” என்பார்கள். நான் இந்து என்று தெரிந்தும் கையைப் பிடித்து உட்காரவைத்தார்கள்.

1989 முதல் 2019 வரை முப்பது வருடம் அதிபர் உமர் அல்-பஷீரின் அரசு மதத்தின் பெயரால் ஆண்டது. ‘ஸார்’ என்று பெண்கள் கூடி முரசடித்து ஆவிக் கோளாறு தீர்க்கும் சடங்கைத் தடுத்தது. லுப்னா ஹுசைன் என்ற பத்திரிகையாளரைக் கால்சட்டை போட்டதற்காக 2009-ல் கைது செய்தது. இதையெல்லாம் செய்தது சட்டம், மரபு இல்லை. மேலே இருந்து சட்டத்தால் அந்த மக்களைத் திருத்த முயன்றவர்கள் எல்லோருமே தோற்றார்கள். மாற்றம் வீட்டுக்குள்ளிருந்துதான் வரும் என்பது என் கட்சி.

வெண்தாமரை:
தம்பி, நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் நானும் அனுபவித்திருக்கிறேன். கார்த்தூமில் ஆறு வருடம் பிரசவ வார்டில் செவிலியாக இருந்தேன். ஆனால் நீங்கள் பார்த்தது தெருவை. நான் பார்த்தது கட்டிலை.

சின்ன வயதிலேயே உறுப்பை அறுத்து, சிறு துளை மட்டும் விட்டுத் தைத்துவிட்ட பெண்கள் பிள்ளை பெற வருவார்கள். தையலைப் பிரித்தால்தான் தலை வெளியே வரும். பிரசவம் முடிந்து ரத்தம் துடைக்கும் முன்பே, “பழையபடி தைத்துவிடு மகளே” என்று மாமியார் கேட்பார். கெட்ட மனுஷி இல்லை. அந்தப் பெண்ணுக்கு இரவெல்லாம் கஞ்சி ஊட்டியவரும் அவர்தான். 2014-ல் எடுத்த கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் சுமார் 87 சதவீதம் பேருக்கு இந்தச் சிதைப்பு நடந்திருந்தது.

வீட்டுக்குள்ளிருந்து மாற்றம் வரும் என்கிறீர்கள். சரி, அதுவரை எத்தனை பிள்ளைகள்? 2020-ல், பஷீர் இறங்கிய பிறகு வந்த இடைக்கால அரசு குற்றவியல் சட்டத்தில் 141-ஆம் பிரிவைச் சேர்த்து, இதைச் செய்தால் மூன்று ஆண்டு சிறை என்று எழுதியது. அந்தச் செய்தி வந்த நாளில் நான் அழுதேன்.

கரிசல்வாசகன்:
அக்கா, உங்கள் அனுபவத்துக்கு முன்னால் நான் புத்தகம் படித்தவன், அவ்வளவுதான். ஆனாலும் ஒரு வரலாற்றை இங்கே சொல்ல வேண்டும்.

சூடானில் இதற்கு முதலில் சட்டம் போட்டவர்கள் ஆங்கிலேயர்கள். 1946-ல் ருஃபாஆ என்ற ஊரில், மகளுக்கு இதைச் செய்ததற்காக ஒரு பெண்ணைக் கைது செய்தார்கள். மஹ்மூத் முஹம்மது தாஹா என்ற சமயச் சிந்தனையாளர் பள்ளிவாசலிலிருந்து ஊரையே திரட்டிக்கொண்டு போய் அவளை மீட்டார். அவருக்கு இரண்டு வருடச் சிறை கிடைத்தது. தாஹா அந்தப் பழக்கத்துக்கு வக்காலத்து வாங்கியவர் இல்லை. அந்நியன் சட்டத்தைக் காட்டி மிரட்டுவதைத்தான் எதிர்த்தார். கைதுக்குப் பயந்து பழக்கம் ஓயவில்லை.

அதே தாஹா, அன்றைய அதிபர் நுமைரி 1983 செப்டம்பரில் ஷரீஅத் தண்டனைச் சட்டங்களைக் கொண்டுவந்தபோது அவற்றையும் எதிர்த்தார். 1985 ஜனவரி 18 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள். மூன்று மாதம் முடிவதற்குள் நுமைரி ஆட்சி கவிழ்ந்தது. ஆக, வெள்ளைக்காரன் சட்டமும் தோற்றது, மதவாதியின் சட்டமும் தோற்றது. நைல்கரை சொல்வதில் நியாயம் இருக்கிறது.

வெண்தாமரை:
இந்த உதாரணத்தை வைத்துத்தான் என்னிடம் எல்லோரும் வாதாடுகிறார்கள். 1946-ல் சட்டம் போட்டவன் அந்நியன். 2020-ல் போட்டது, முந்தின வருடம் தெருவில் நின்று பஷீரை இறக்கிய மக்கள் கொண்டுவந்த அரசு. ஏப்ரல் 2019-ல் காரின் மேல் ஏறி நின்று பாடிய அலா ஸலாஹ் என்ற மாணவியின் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அவர் கட்டியிருந்தது வெள்ளை ‘தோப்’, நம் சேலை மாதிரி பாட்டிமார் சுற்றிக்கொள்ளும் துணி. மக்கள் அவரை ‘கண்டாகா’ என்றார்கள். பண்டைய மெரோவே நாட்டு அரசிகளின் பட்டம் அது. மரபைக் கட்டிக்கொண்டே மரபோடு சண்டை போட்டவர்கள் அந்தப் பெண்கள். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

காயல்வாசி:
நைல்கரை அண்ணா, ஹமத் அல்-நீல் காதிரிய்யா தரீக்காவை, அதாவது அந்தச் சூஃபி வழியைச் சேர்ந்தவர். எங்கள் ஊரிலும் அதே தரீக்காதான். மவ்லிது, அதாவது நபி புகழ்ப்பாட்டு ஓதலாமா, கூடாதா என்று அங்கே அதை மறுக்கும் சலஃபிகளும் சூஃபிகளும் மோதுவது போலவே இங்கும் ஒரே வீட்டுக்குள் அண்ணன் தம்பி பேசாமல் இருக்கிறார்கள். சூடானின் மீலாது ஊர்வலத்தை 2023-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்ததாகப் படித்தபோது என் வாப்பா ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

தெற்குச்சன்னல்:
நீங்கள் எல்லோரும் ‘சூடான் மரபு’ என்பது நைல் கரை அரபு முஸ்லிம் மரபைத்தான். அரபுகள் அல்லாத நூபா மலைக்காரர்களுக்கும் தெற்கத்தியவர்களுக்கும் அதுவே திணிப்பு. 1983 சட்டமும் வடக்கு-தெற்கு உள்நாட்டுப் போருக்கு ஒரு காரணம், 2011-ல் தெற்கு சூடான் பிரிந்து நாடே இரண்டானது. இதைப் பேசாமல் மரபைப் புகழ்வது எனக்கு உறுத்துகிறது.

நைல்கரை:
ஒத்துக்கொள்கிறேன். நான் அறிந்தது ஓம்துர்மான் மட்டும்தான். நூபாக்காரர்கள் என் பட்டறையில் இருந்தார்கள், அவர்கள் வீட்டுச் சடங்கு பற்றி ஒருநாளும் நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

வெண்தாமரை அக்காவுக்கு: அறுக்காத பெண்ணை ‘கல்ஃபா’ என்று வைவார்கள், அறுப்பதற்குத் ‘துஹூர்’, அதாவது தூய்மை என்று பெயர். 2008-ல் இதற்கு மாற்றாக ‘ஸலீமா’ என்ற சொல்லை இயக்கமாகக் கொண்டுபோனார்கள். முழுமையானவள், குறையில்லாதவள் என்று பொருள். எங்கள் தெருவில் ஒரு கிழவி தன் பேத்தியை மடியில் வைத்து, “இவள் ஸலீமா” என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். சட்டம் வருவதற்கு முன்பு நடந்தது அது.

இன்னொன்று. இப்போது சிறை ஏது, நீதிபதி ஏது? ஒரு கோடிக்கும் மேல் ஜனங்கள் வீடு விட்டு ஓடியிருக்கிறார்கள். அரசு சோறு போடவில்லை. பழைய ‘நஃபீர்’, அதாவது ஊர் கூடி வேலை செய்யும் வழக்கமும், சூஃபிகளின் ‘தகிய்யா’ அன்னதானமும்தான் பொதுச் சமையலறைகளாக எழுந்து பலரை உயிரோடு வைத்திருக்கின்றன. அந்தப் பிள்ளைகளைக் காக்க இன்று அந்த அடுப்படிப் பெண்களைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

வெண்தாமரை:
அந்த அடுப்படியில் நிற்பவர்களில் என் பழைய வார்டுத் தோழியும் ஒருத்தி. அவள் பெண்ணுக்கு ஏழு வயது. மாமியார் கத்திக்காரியைக் கூட்டிவர நினைத்தபோது, “ஜெயிலுக்குப் போவீர்கள் அம்மா” என்று இவள் சொல்லியிருக்கிறாள். போலீஸே இல்லாத ஊரில். மாமியார் பயந்தாரா, அதைச் சாக்காக எடுத்துக்கொண்டாரா, தோழிக்கும் தெரியவில்லை. பிள்ளைக்கு மருதாணி மட்டும் வைத்து, பாலும் பேரீச்சையும் கொடுத்து முடித்துவிட்டார்கள். அவள் வாயில் அந்த ஒரு வரி இருந்தது 2020-ல் யாரோ அதை எழுதிவைத்ததால்தான், தம்பி.