கட்டிங் வீல் நட்டு: எந்தப் பக்கம் உள்ளே?

அண்ணன்மாருக்கு வணக்கம். 4 இஞ்ச் ஆங்கிள் கிரைண்டரில் ஒரு சந்தேகம் (மாவரைக்கிறது இல்லை, கம்பி அறுக்கிறது).

தேய்க்கிற 6 எம்.எம். கல்லுக்கு, அதை இறுக்கிப் பிடிக்கிற ஃபிளாஞ்ச் நட்டின் மேடான பக்கம் 16 எம்.எம். ஓட்டைக்குள் அழகாக உட்காருகிறது. நேற்று அதே மாதிரியே 1 எம்.எம். கட்டிங் வீலையும் போட்டேன். நட்டு முழுக்க இறுகிவிட்டது, வீல் மட்டும் லொடலொடவென்று ஆடுகிறது! பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் எப்போதும் மாட்டுவேன். கையால் சுற்றிப் பார்த்ததில் தெரிந்தது. நட்டைத் திருப்பி, தட்டையான பக்கம் வீலில் படும்படி போட்டதும் ஆட்டம் நின்றது. இது சரிதானே?

இப்போது வேறு தலைவலி. அறுக்கும்போது வீல் எல் ஆங்கிள் இரும்பில் சிக்கிக்கொண்டது. சுற்றுகிற வேகமே நட்டை இன்னும் இறுக்கிவிடும்போல, கழற்றவே முடியவில்லை. இரண்டு பின் உள்ள ஸ்பேனர் வழுக்கி நட்டின் ஓட்டை ஓரம் மழுங்க ஆரம்பித்துவிட்டது. பக்கத்துப் பட்டறைக்காரர் உளி வைத்துத் தட்டு என்கிறார். வீல் சுற்றாமல் பிடிக்கிற லாக் பட்டனை அழுத்திக்கொண்டு தட்டினால் உள்ளே இருக்கிற பின் உடைந்துவிடாதா? உடையாமல் கழற்றியவர்கள் எப்படிச் செய்தீர்கள்? பழைய வீலை உடைத்து எடுத்தால் நட்டு லூஸாகுமா?

சனிக்கிழமைக்குள் கேட் வேலையை முடித்துக் கொடுக்கணும்.