ஞாயிறு நற்செய்தி வாசிக்க ஓர் உதவி

இயேசுவுக்கே புகழ்! ரங்கூனில் சனிக்கிழமை மாலை எங்கள் வீட்டில் நான்கைந்து குடும்பங்கள் கூடி, மறுநாள் நற்செய்தியை வாசித்துச் செபிக்கிறோம். இருப்பது பாட்டியின் பழைய விவிலியம் ஒன்றுதான். மெழுகு சொட்டி ஓரம் ஒட்டிப்போனது. அதில் பெயர்கள் அருளப்பர், சின்னப்பர், இராயப்பர். அதே மூவரைப் பிள்ளைகள் போனில் பார்ப்பதோ யோவான், பவுல், பேதுரு என்று. போன வாரம் "இராயப்பர் யாரு அத்தை?" என்று ஒருத்தி கேட்க, சிரிப்பில் தியானமே கலைந்துவிட்டது. (உயிர்த்த இயேசு இரண்டு சீடர்களோடு நடந்துபோன எம்மாவு வழிப்பயணத்தை மட்டும் எதில் வாசித்தாலும் அசையாமல் கேட்கிறார்கள்.)

1995இல் வந்த, இந்தப் புதிய பெயர்கள் உள்ள பொது மொழிபெயர்ப்பு விவிலியம், பெரிய எழுத்தில், யாரிடமாவது கூடுதலாக இருக்கிறதா? இரண்டு போதும். கரண்ட் போனால் புத்தகம்தான் கை கொடுக்கும்.

அப்புறம், வாசித்து முடித்ததும் எவ்வளவு நேரம் மௌனமாக இருக்கிறீர்கள்? எங்களுக்கு மூன்றாவது நிமிடமே இருமல் ஆரம்பித்துவிடுகிறது.