ஒரே பக்கத்துக்குப் பல முகவரிகள்: எங்கள் கடைத் தளத்தில் நடந்தது

ஒரே பக்கம் பல இணைய முகவரிகளில் திறந்தால், கூகுள் அந்தத் தளத்தைத் தேடலில் பின்னுக்குத் தள்ளித் தண்டித்துவிடும் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். நான் இணையதளம் பார்த்துக்கொண்ட பாத்திரக்கடையின் முதலாளிக்கும் இதே பயம்தான். அப்படித் தனித் தண்டனை எதுவும் கிடையாது என்று கூகுள் 2008-லேயே விளக்கிவிட்டது. ஏமாற்றுவதற்காக நகல்களைக் குவிப்பவர்கள் கதை வேறு. மற்றபடி, ஒரே உள்ளடக்கம் கொண்ட முகவரிகளை அது ஒரு குழுவாகச் சேர்த்து, அதில் ஒன்றை மட்டும் தேடல் முடிவில் காட்டுகிறது. எந்த ஒன்று என்பதில்தான் வம்பு.

எங்கள் இட்லிக் கொப்பரைப் பக்கத்துக்கு அது தேர்ந்தெடுத்தது, வாட்ஸ்அப் விளம்பரத்துக்காக வாலில் யூடிஎம் குறியீடு (வருபவர் எந்த விளம்பரம் வழியாக வந்தார் என்று கணக்கிட உதவும் ஒட்டு) சேர்த்த முகவரியை! கூகுளில் தேடி வந்தவர்கள் எல்லாம் வாட்ஸ்அப் கணக்கில் விழுந்தார்கள். விளம்பரம் அமோகமாக ஓடுகிறது என்று முதலாளி இன்னும் பணம் போடக் கிளம்பிவிட்டார்.

நோண்டிப் பார்த்தால் இரண்டு கோளாறுகள். முகப்புப் பக்கத்துத் தீபாவளி பேனரிலேயே அந்த வால் முகவரிதான் இணைப்பாக இருந்தது. அதோடு, தளத்தின் பக்கங்களை உருவாக்கும் வார்ப்புரு, பக்கம் எந்த முகவரியில் திறந்தாலும் அதையே கெனானிக்கல் (தேடுபொறிக்கு அசல் முகவரி எது என்று பக்கத்தின் நிரலில் சொல்லும் குறிப்பு) என்று எழுதிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நகலும் "நானே அசல்" என்றால் கூகுள் யாரை நம்பும்?

வால் முகவரிகளை ரோபோட்ஸ் கோப்பில் (தேடுபொறி எவற்றைத் திறக்கக் கூடாது என்று சொல்லும் கோப்பு) தடுத்துவிடலாம் என்றார் உடன் வேலை செய்தவர். வேண்டாம் என்றேன். தடுத்தால் கூகுள் அந்தப் பக்கத்தைத் திறக்காது. உள்ளே நாம் எழுதிய கெனானிக்கல் குறிப்பும் அதன் கண்ணில் படாது. இரண்டு கோளாறுகளையும் சரிசெய்துவிட்டுக் காத்திருந்தோம். சில வாரங்களில் வாலில்லாத முகவரி தேடலில் வந்தது. வாட்ஸ்அப் எண்ணிக்கை சரிந்ததில் முதலாளிக்குத்தான் வருத்தம்.

கூகுள், யாஹூ, மைக்ரோசாப்ட் மூன்றும் சேர்ந்து 2009-இல் கொண்டுவந்த இந்தக் கெனானிக்கல் வெறும் பரிந்துரைதான், கட்டளை அல்ல. வேறு சான்றுகள் பலமாக இருந்தால் தேடுபொறி அதை ஒதுக்கிவிடும். டபிள்யூடபிள்யூடபிள்யூ உள்ளது, இல்லாதது என்ற குழப்பத்துக்கெல்லாம், ஒரு முகவரிக்கு வருபவரை நிரந்தரமாக இன்னொன்றுக்கு அனுப்பும் 301 திருப்பமே நல்லது. கூகுள் தள உரிமையாளர்களுக்குத் தரும் சர்ச் கன்சோலில் அளவுருக்களை (முகவரியின் வாலில் வரும் குறியீடுகளை) குறிக்கச் சொல்லும் பழைய காணொளிகளை நம்பாதீர்கள். அந்தக் கருவியை 2022-இல் மூடிவிட்டார்கள். சர்ச் கன்சோலிலேயே முகவரி ஆய்வு என்ற பகுதியில் நீங்கள் சொன்ன கெனானிக்கலும் கூகுள் தேர்ந்ததும் அடுத்தடுத்து வரும். இரண்டும் வேறாக இருந்தால் முதலில் எங்கள் பேனரில் இருந்தது போன்ற, உங்கள் தளத்தின் உள் இணைப்புகளைப் பாருங்கள்.