ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கு எந்த ஸ்கோப் தாங்கும்?

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது குழலை மடக்கி லோடு செய்யும் 4.5 மி.மீ. ஸ்பிரிங் ரைஃபிள். தோப்பில் 10 முதல் 25 மீட்டருக்குள் தகர டப்பாதான் குறி. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிய 4×20 ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி; 4 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 20 மி.மீ.) 200 குண்டுகூடத் தாங்கவில்லை. உள்ளே குறுக்குக் கோடு சாய்ந்து கிடக்கிறது. ஸ்பிரிங் ரைஃபிள் பின்னால் உதைத்த கையோடு முன்னாலும் உதைக்கும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. (பெரிய துப்பாக்கி ஸ்கோப்பே இதில் கெட்டுப்போகுமாம்!)

இப்போது 3-9×40, ஃபோகஸ் 10 மீட்டர் வரை இறங்கும் ஏஓ வகை (முன் லென்ஸ் வளையத்தைத் திருப்பி ஃபோகஸ் செய்வது) தேடுகிறேன். பட்ஜெட் 8,000 ரூபாய், கொஞ்சம் கூடினாலும் சரி. ஹாக், யூடிஜி இரண்டு கம்பெனிகளில் எது உழைக்கும்? ரைஃபிள் மேலுள்ள 11 மி.மீ. டவ்டெயில் பள்ளத்தில், ஸ்கோப்பைப் பிடிக்கும் மவுண்ட் வேறு பின்னால் நழுவுகிறது. ஸ்டாப் பின் (நழுவாமல் தடுக்கும் ஊசி) உள்ள ஒற்றைத் துண்டு மவுண்ட் போட்டவர்கள் இருந்தால் சொல்லுங்களேன்.