ஹைவேக்குப் போன நிலம்: ஆறுதல் தொகைக்கும் வட்டி உண்டா?

கே.ஆர்.புரம் வாசி:
வணக்கம். ஹொஸ்கோட்டே பக்கம் அப்பா பெயரில் இருந்த முக்கால் ஏக்கரை 2012ல் தேசிய நெடுஞ்சாலைக்கு எடுத்துக்கொண்டார்கள். தொகை போதாது என்று அப்பா மத்தியஸ்தரிடம் போனார், இத்தனை வருஷம் இழுத்து போன வாரம்தான் உத்தரவு கைக்கு வந்தது. 10 லட்சம் கூட்டியிருக்கிறார்கள், அதற்கு 9% வட்டி. ஆனால் மனுவில் கேட்டிருந்த சோலேஷியம், அதான் நிலத்தைக் கட்டாயமாக எடுப்பதற்காக விலைக்கு மேல் தரும் ஆறுதல் தொகை, அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கேட்டால் நெடுஞ்சாலைச் சட்டத்தில் அது கிடையாது என்கிறார்கள். அப்பாவுக்கு 78 வயது. விட்டுவிடலாமா?

அல்சூர் வக்கீல்:
விடாதீர்கள் சார். 1956 நெடுஞ்சாலைச் சட்டத்தில் அது இல்லை என்பது உண்மைதான், ஆனால் நிலத்தை ரோட்டுக்குக் கொடுத்தவருக்கு மட்டும் குறைவாகக் கொடுப்பது சமத்துவத்துக்கு விரோதம் என்று தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 செப்டம்பரில் சொல்லிவிட்டது. 1997 முதல் 2015 வரை எடுத்த நிலத்துக்கு 1894 நில எடுப்புச் சட்டத்தின்படி 30% ஆறுதல் தொகையும் வட்டியும் உண்டு. இனி வரும் வழக்குகளுக்கு மட்டும் என்று ஆக்குங்கள் என நெடுஞ்சாலை ஆணையம் கேட்டதையும் 2025 பிப்ரவரியில் தள்ளிவிட்டார்கள்.

வட்டியில்தான் பெரிய வித்தியாசம். ஆறுதல் தொகைக்கும் வட்டி ஓடும், 2001ல் சுந்தர் வழக்கிலேயே முடிவான விஷயம். உங்கள் 10 லட்சத்தோடு 3 லட்சம் சேர்த்தால் 13. நிலம் கைமாறிய முதல் வருஷம் 9%, அதாவது 1,17,000. அப்புறம் பணம் கட்டும் வரை வருஷத்துக்கு 15%, 1,95,000. இப்போது கொடுத்திருப்பது வருஷம் 90,000தான்! முதலில் கொடுத்த தொகைக்கும் 30% தனியாக வரவேண்டும்.

ஜெயநகர் அக்கா:
தம்பி, நிலத்தைக் கையகப்படுத்திய நாளில் போட்ட மகஜர், அதாவது நிலத்தை எடுத்ததாக எழுதிய பதிவுத் தாள், அதன் நகலை முதலில் தேடி எடுங்கள், வட்டி அந்தத் தேதியிலிருந்துதான். எங்கள் மாமனார் நிலத்துக்கு அந்தத் தாள் கிடைக்காமல் ரொம்ப அலைந்தோம். வட்டிக்கு வருமான வரி உண்டு, ஆனால் பாதியைக் கழித்துக்கொள்ளலாம், கை வந்த வருஷத்துக் கணக்கில் காட்டவேண்டும்.

கே.ஆர்.புரம் வாசி:
ரொம்ப நன்றி அக்கா, நன்றி சார். இப்போது யாரிடம் போவது?

அல்சூர் வக்கீல்:
முதலில் அதே மத்தியஸ்தரிடம். கேட்டும் விட்டுப்போனதைச் சேர்க்கச் சொல்லி, உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் மத்தியஸ்தச் சட்டம் 33வது பிரிவில் மனு கொடுங்கள். மறுத்தால் 34வது பிரிவில் மாவட்ட நீதிமன்றம், அதற்கு 3 மாதம் கெடு. உத்தரவு வந்த தபால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள், தேதி அதில்தான் இருக்கும்.