ஹிடாவின் தழும்பு

கார்த்தி: நாளைக்கு நம்ம சாமுராய் பகடை ஆட்டம், லெஜண்ட் ஆஃப் தி ஃபைவ் ரிங்ஸ், உண்டா? உண்டென்றால் என் சாமுராய் ஹிடாவின் தழும்பு விஷயம் முதலில் முடியணும்

செல்வி அக்கா: அது முடிந்துபோன கதைடா

கார்த்தி: எர்த் ஸ்டான்ஸில், அதாவது தற்காப்பு நிலையில், நின்றவனுக்கு கிரிட்டிகல், அந்தப் பலத்த காயம், எப்படி விழும்??

சித்தப்பா: அதானே

செல்வி அக்கா: பொறுமையாகப் படி. சாதாரண அடியில் ஜெயித்தவன் பகடையில் விழுந்த 2 ஆப்பர்ச்சூனிட்டி குறிகளைச் செலவழித்து கிரிட்டிகல் போடுவான். எர்த் ஸ்டான்ஸ் மறிப்பது அந்தச் செலவை மட்டும்தான். உன் ஹிடாவை வெட்டிய காகிடாக்காரி போட்டது ஐஜுட்சு, வாளை உருவும்போதே வெட்டும் வித்தை, அதில் ரைசிங் பிளேடு. அதில் வெட்டு பட்டாலே கிரிட்டிகல், ஆப்பர்ச்சூனிட்டி பேச்சே இல்லை. கட்டானா வாளை ஒரு கையில் உருவியதால் டெட்லினஸ், அதாவது கிரிட்டிகலின் கடுமை, 5, இரு கை என்றால்தான் 7. ஆனால் அவள் நின்றது ஃபயர் ஸ்டான்ஸ். உருட்டியதில் அவள் எடுத்து வைத்த பகடையில் ஸ்ட்ரைஃப், அதாவது மனக்கொதிப்புக் குறி, 2. ஜெயித்துவிட்டால் அவை ஒவ்வொன்றும் உபரி வெற்றி, கடுமையோடு கூடும். 5 + 2 = 7. ஏழுக்குத் தழும்பு. சரியா?

மதுரை அண்ணன்: 👍

சித்தப்பா: இந்த ஆட்டத்தின் 1997 பதிப்பில் இந்த வம்பே கிடையாது. பத்து விழுந்தால் மறுபடி உருட்டு, அவ்வளவுதான்

செல்வி அக்கா: கேரமில் சிவப்புக் காயை மடியில் ஒளித்தவர் விதி பேசுகிறார்

சித்தப்பா: அது உங்கப்பா

அத்தை: இட்லி மாவு மிஞ்சியிருக்கு, யாருக்கு வேணும்?

மதுரை அண்ணன்: இரு இரு. ஃபிட்னஸ், அந்த உடல்திறன் சோதனை, உருட்டினானா கார்த்தி?

கார்த்தி: ??

மதுரை அண்ணன்: கிரிட்டிகல் வந்தால் ஃபிட்னஸ், டிஎன் 1, அதாவது ஒரு வெற்றி போதும். ஜெயித்தால் கடுமை 1 குறையும், உபரி இருந்தால் இன்னும். 6 ஆகிவிட்டால் தழும்பே இல்லை

கார்த்தி: அக்காஆஆ

செல்வி அக்கா: மணி பதினொன்று அப்போது. பாப்பா வேறு அழுதாள்

கார்த்தி: நாளைக்கு உருட்டிக்கொள்கிறேன்

செல்வி அக்கா: பார்க்கலாம். காகிடாக்காரியும் சும்மா தப்பிக்கவில்லை, அந்த ஸ்ட்ரைஃப் அவள் மேலும் ஏறியது. காம்போஷர், அதாவது அவள் மனம் தாங்கும் அளவு, தாண்டியாச்சு. இனி ஸ்ட்ரைஃப் உள்ள பகடையை எடுத்து வைக்கவே முடியாது, ஃபயர் ஸ்டான்ஸில் நின்றும் பிரயோஜனமில்லை

மதுரை அண்ணன்: அப்போ அடுத்த சுற்றில் விடாதேடா கார்த்தி

அத்தை: நாளைக்குப் பெரியப்பா வீட்டுக்கு வளைகாப்புக்கு அழைக்கப் போகணும், நினைவிருக்கா யாருக்காவது?

செல்வி அக்கா: அவர் வீட்டு விசேஷத்துக்கு நம்மை எப்படி அழைத்தார்? போனில்தானே?

சித்தப்பா: ஆரம்பிச்சாச்சு

கார்த்தி: ஏழு மணியா எட்டா, அதை மட்டும் சொல்லுங்கள்

அத்தை: சித்தப்பாவுக்கு இரண்டு டப்பா மாவு எடுத்து வைக்கிறேன்