கையளவு அக்ரிலிக் படம்: சொம்பை வரைஞ்சா தரைதான் கண்ணுக்குத் தெரியுது

வளவுவெயில் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். செட்டிநாட்டுல, கானாடுகாத்தானுக்குப் பக்கத்து ஊர்லேர்ந்து எழுதுறேன். என் மாமனார் பிறந்த வீடு இங்க இருக்கு, 7 புள்ளிக்கு, அதாவது 7 குடும்பத்துக்குப் பொது. மத்தவங்க எல்லாரும் சென்னையிலயும் வெளிநாட்டுலயும் இருக்காங்க, கல்யாணம், முன்னோருக்குப் படைப்புன்னா வருவாங்க. சாவி என்கிட்ட. தினமும் காலைல ஆறரைக்குப் போய் வாசல் தெளிச்சு, விளக்கேத்தி, வளவுல, அதான் வானம் தெரியுற நடு முற்றத்துல, அரை மணி நேரம் உட்கார்ந்துட்டு வருவேன்.

படம் ஆரம்பிச்சது அந்த அரை மணி நேரத்துலதான். பொங்கலுக்கு வந்த பேத்தி 12 கலர் இருக்குற அக்ரிலிக் டியூப் பெட்டியை விட்டுட்டுப் போயிட்டா. பட்டாலைங்கிற கூடத்து அலமாரியில பழைய கல்யாணப் பத்திரிகை கட்டுக்கட்டா கிடந்துச்சு, நல்ல கெட்டி அட்டை. 4-க்கு 4 அங்குலமா வெட்டி, பின்பக்கம் வெள்ளை பூசி வரைய ஆரம்பிச்சேன். இதுவரைக்கும் 23 ஆச்சு. நிலைக்கதவு மூலையில சாத்தி வச்ச விளக்குமாறு, சொளகு, பணியாரச் சட்டி, கொடியில காயுற கண்டாங்கிச் சேலை, நீலக் கரை போட்ட இனாமல் தட்டுல 3 சீயம். தேக்குத் தூணையும் பெரிய கண்ணாடியையும் வர்றவங்க எல்லாரும் போட்டோ எடுத்துட்டுப் போறாங்க. எனக்கு அது வேண்டாம். கை எடுத்துப் புழங்குற சாமான்தான் வேணும். இந்த வீடு எத்தனை நாளைக்கு இப்படித் திறந்து கிடக்கும்னு தெரியலை, அதனால இருக்குறப்பவே வரைஞ்சு வைக்கணும்னு ஒரு தவிப்பு.

மாட்டிக்கிட்டது சொம்புல. வளவுத் தரை ஆத்தங்குடி கல்லு, பூப்போட்ட சிமெண்டுக் கல்லு, அது மேல ஒரு எவர்சில்வர் சொம்பு, பக்கத்துல வெயில். பார்க்குறப்போ சொம்புதான் கண்ணைப் பறிக்குது. வரைஞ்சா தரையில இருக்குற பூவெல்லாம் எழுந்து நிக்குது, சொம்பு சாம்பல் பூசினாப்ல செத்துக் கிடக்குது. சில்வர் கலர் டியூப் தனியா வாங்கிப் போட்டும் பார்த்தேன், இன்னும் மோசம். 4 தடவை போட்டாச்சு.

இன்னொண்ணு, கலர் தட்டுல 10 நிமிஷம்கூட நிக்க மாட்டேங்குது. குழைச்ச கலரைத் திரும்பத் தொடுறதுக்குள்ள தோலு கட்டிடுது. அதே கலரை மறுபடி குழைச்சா, காய்ஞ்சதும் ஒரு படி கறுத்து நிக்குது.

மூணாவதுதான் மனசு ரொம்பக் கஷ்டமாப் போச்சு. காய்ஞ்ச படங்களை அடுக்கி, மேல கனமா ஒரு கணக்கு நோட்டை வச்சிருந்தேன். சித்திரை வெயில்ல ரெண்டு படம் முகத்தோட முகம் ஒட்டிக்கிச்சு. பிரிச்சப்போ சேலைப் படத்துல பாதி, தட்டுப் படத்தோட போயிடுச்சு. 2 மாசமாக் காய்ஞ்ச கலரு எப்படி ஒட்டும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.


போர்டு எழுதுறவன்:

அக்கா, நான் காரைக்குடியில 26 வருஷம் கடை போர்டு எழுதினவன். பிளெக்ஸ் வந்தப்புறம் தொழில் சுருங்கிப்போச்சு, இப்ப அக்ரிலிக்தான் அதிகம் தொடுறேன்.

முதல்ல அந்த சில்வர் டியூபைத் தூக்கி உள்ள வைங்க. எவர்சில்வருக்குன்னு ஒரு கலர் கிடையாது, எதிர்ல இருக்குறதுதான் அதோட கலரு. சொம்புக்கு முன்னாடி உட்கார்ந்து கண்ணைப் பாதி மூடிப் பாருங்க. வயித்துல கீழ்ப்பாதி தரையோட சிவப்பு. நடுவுல கறுப்பா ஒரு பட்டை ஓடும், அது உங்களுக்குப் பின்னாடி இருக்குற கதவு. தோள்ல வெளிறின நீலம், அது வளவுக்கு மேல தெரியுற வானம். கழுத்துல மறுபடி கறுப்பு. சொம்பு உருண்டையா இருக்குறதால மொத்த வளவும் அதுல சுருங்கி நிக்கும். இந்தத் துண்டுகளைத் துண்டாவே போடுங்க, இழைக்காதீங்க. ஒண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணு வெட்டின மாதிரி நிக்கணும். இழைச்சா மண்பானை ஆயிடும்.

கறுப்பு டியூபும் வேணாம். அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் அம்பர்ங்கிற கரும்பழுப்பும் கலந்தா உயிருள்ள கறுப்பு வரும். வெள்ளையைக் கடைசி வரைக்கும் தொடாதீங்க. எல்லாம் முடிஞ்சப்புறம் நுனித் தூரிகையில கெட்டியா எடுத்து ஒரே ஒரு பொட்டு, வெயில் அடிக்கிற இடத்துல. ரெண்டு பொட்டு வச்சா ரெண்டும் மங்கிடும்.

காயுற விஷயம். அக்ரிலிக்ல இருக்குற தண்ணி ஆவியானதும் கலர் பிடிச்சுக்கும், நம்ம ஊர்க் காத்துக்குச் சொல்லவே வேணாம். தட்டையான டிபன் பாக்ஸ் ஒண்ணு எடுத்து, பழைய வேட்டித் துணியை 4 மடிப்பா மடிச்சு நனைச்சுப் போடுங்க. தண்ணி தேங்கக் கூடாது. அது மேல கேக் சுடுறப்போ தட்டுல போடுற பேப்பரை விரிச்சு, அதுல கலரைக் குழைங்க. அடியிலேர்ந்து ஈரம் கொஞ்சம் கொஞ்சமா ஏறும். வேலை முடிஞ்சு மூடி போட்டு வச்சா மறுநாளும் அதே கலரைத் தொடலாம். துணியை மட்டும் 3 நாளைக்கு ஒருக்க மாத்துங்க, இல்லேன்னா பூசண வாடை வந்துடும். ரிடார்டர்னு ஒரு மருந்து விக்குது, துளி சேர்த்தா மெதுவாக் காயும், கூடிப்போனா கலரு பிசுபிசுன்னே கிடக்கும். உங்களுக்கு டிபன் பாக்ஸே போதும்.

கறுத்துப் போறதுக்குக் காரணம் கலருக்குள்ள இருக்குற பசை. ஈரமா இருக்குறப்போ அது பால் மாதிரி வெள்ளை, காய்ஞ்சா கண்ணாடி. வெள்ளை விலகினதும் கலர் ஆழமாத் தெரியும். குழைக்கிறப்பவே ஒரு படி வெளிறினதா வச்சுக்குங்க. அதே அட்டையில ஒரு துண்டைப் பக்கத்துல போட்டு, ஒரு தீத்து தீத்திக் காயவிட்டுப் பார்த்துட்டு படத்துல கை வைங்க.

தூரிகையை மட்டும் தண்ணியை விட்டு வெளிய காயவிட்டுடாதீங்க அக்கா. ஒருக்க காய்ஞ்சா அது குச்சிதான்.


ஆத்தங்குடிக்காரன்:

ஆச்சி, எங்க வீட்டுல 3 தலைமுறையா பூக்கல்லு ஊத்துறோம். கலர் குழைக்கிறதைப் பத்தி மேல அண்ணன் சொல்லிட்டாரு. தரையைப் பத்தி நான் சொல்றேன்.

உங்க படத்துல பூவெல்லாம் அச்சடிச்ச மாதிரி ஒரே கோடா இருக்குமுன்னு நினைக்கிறேன். நிஜக் கல்லுல அப்படி இருக்காது. கண்ணாடியை அடியில வச்சு, சட்டத்தைப் போட்டு, அதுக்குள்ள தகட்டு அச்சை இறக்கி, ஒவ்வொரு அறையிலயும் கரண்டியால கலர்ச் சாந்தை ஊத்துவோம். அப்புறம் அச்சைத் தூக்கணும். அந்த ஒரு நொடியிலதான் பச்சையும் மஞ்சளும் ஒண்ணையொண்ணு தொடும். கை எவ்வளவு நேரா வந்தாலும் ஓரம் ஒரு மயிரிழை ஓடத்தான் செய்யும். அதுக்கு மேல காய்ஞ்ச மணல் சிமெண்டைத் தூவி, அப்புறம் ஈரச் சிமெண்டு. பூவு முகம் கண்ணாடியைப் பார்த்துக் கவுந்து கிடக்கும், ஊத்துறப்போ நாங்க பார்க்குறது முதுகுப் பக்கம். காய்ஞ்சு, தண்ணித் தொட்டியில ஊறி, கண்ணாடியை விட்டு வந்தப்புறந்தான் முகம் தெரியும். எந்த ரெண்டு கல்லும் அப்படியே ஒண்ணாப் போகாது.

அதனால ஸ்கேலை எடுத்துடுங்க. சொம்பு நிக்கிற கல்லை மட்டும் பூவோட வரைங்க, அதுவும் ஓரம் கொஞ்சம் கலைஞ்சாப்ல. பக்கத்துக் கல்லுல பாதிப் பூ. அதுக்கு அந்தாண்ட நிறம் மட்டும் போதும். உட்கார்ந்து பார்க்குற கண்ணுக்கு அவ்வளவுதான் தெரியும்.

இன்னொண்ணு ஆச்சி. நாங்க போடுற சிவப்பும் மஞ்சளும் ஆக்சைடு, இரும்புத் துரு சாதி. உங்க பெட்டியில பர்ன்ட் சியன்னா, எல்லோ ஓக்கர்னு இருக்குறதும் அதே சாதிதான். பளீர்ச் சிவப்பு டியூபைத் தரைக்குப் போடாதீங்க. காலடி பட்டுப் பட்டு மெருகேறின தரைக்கு அந்த ரெண்டு மண் கலரும் கொஞ்சம் வெள்ளையுமே வரும்.


ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர், தேவகோட்டை:

அம்மா, உங்கள் படங்கள் ஒட்டிக்கொண்டது கலரின் குறையல்ல, நீங்கள் காயவைத்ததில் தவறும் இல்லை. அக்ரிலிக் ஒரு வகைப் பிளாஸ்டிக். காய்ந்த பிறகும் சூடு ஏறினால் இளகும். சித்திரை வெயிலும் கணக்கு நோட்டின் கனமும் சேர்ந்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். இனி முகத்தோடு முகம் வைக்காதீர்கள். நம் போர்டு எழுதுகிற தம்பி சொன்ன அதே கேக் பேப்பரை ஒவ்வொரு படத்துக்கும் இடையில் வையுங்கள். கனம் வேண்டாம், படுக்கவைக்காமல் டப்பாவில் நிறுத்தி வையுங்கள். சட்டம் போடும்போது கண்ணாடி படத்தைத் தொடாதபடி இடைவெளி விடச் சொல்லுங்கள். பத்திரிகை அட்டை ஒரு பக்கம் மட்டும் பூசினால் வளையும். இரண்டு பக்கமும் வெள்ளை பூசிவிடுங்கள், நேராக நிற்கும்.

மொராண்டி என்று இத்தாலியில் ஓர் ஓவியர் இருந்தார், 1890 முதல் 1964 வரை. பொலோன்யா என்ற ஊரில் தன் சகோதரிகளோடு இருந்த வீட்டிலேயே, அதே சில புட்டிகளையும் ஜாடிகளையும் மாற்றி மாற்றி அடுக்கிப் பல பத்தாண்டுகள் வரைந்தார். பளபளப்பு வேண்டாம் என்று சில புட்டிகளுக்கு மேலேயே பெயிண்ட் அடித்துவிட்டுத்தான் வரைவார். நான் பிள்ளைகளுக்கு அவர் படத்தைக் காட்டித்தான் நிழல் சொல்லிக்கொடுத்தேன். உங்களுக்கோ பளபளப்புதான் வேண்டும். அப்படியானால் மற்றதெல்லாம் அடங்க வேண்டும். தரை சத்தம் போடும் வரை சொம்பு பேசாது.

போட்ட நான்கையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். காய்ந்த அக்ரிலிக் தண்ணீரில் கரையாது என்பதால் அதன் மேல் தைரியமாகப் பூசலாம். பர்ன்ட் அம்பரில் ஒரு துளி நீலம் சேர்த்து, தேநீர் அளவுக்கு நீர்க்க ஆக்கி, சொம்பை மட்டும் விட்டுவிட்டுத் தரை முழுக்க ஒரே ஓட்டமாக ஓட்டுங்கள். பூக்கள் அழியாது, பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். வெயில் விழுகிற கட்டத்தை மட்டும் ஈரத் துணியால் உடனே ஒற்றி எடுத்துவிடுங்கள்.

போனில் எடுத்த போட்டோவைப் பார்த்து வரைகிறீர்களா? அதில் நிழல் கறுப்பாகிவிடும். வளவு நிழலில் கறுப்பே இல்லை, மேலே வானம் திறந்து கிடக்கிறதே.


ஷார்ஜாவில் கோட்டையூர்க்காரன்:

அந்த நீலக் கரை தட்டுல எங்க அப்பத்தா வெள்ளைப் பணியாரம் வச்சுக் கொடுப்பாக. ஓரத்துல ஒரு இடத்துல இனாமல் பேர்ந்து கறுப்பாத் தெரியும், அந்தப் பக்கம் எனக்கு வராம தட்டைத் திருப்பி வைப்பாக. உங்க தட்டுலயும் அப்படிப் பேர்ந்த இடம் இருந்தா மறைக்காம வரைங்க ஆச்சி. பாதி பிஞ்சு போன அந்த சேலைப் படத்தை மறுபடி போடுவீங்களா?


வளவுவெயில்:

ரொம்ப நன்றி. 9 நாள் கழிச்சு வர்றேன், எல்லாத்தையும் செஞ்சு பார்த்துட்டு எழுதணும்னு இருந்தேன்.

மாஸ்டர் சொன்னபடி ரெண்டாவது சொம்புப் படத்துல தண்ணிக் கலரை ஓட்டினேன். கை நடுங்கிச்சு, 4 நாள் உழைச்ச பூவாச்சே. ஓட்டி முடிச்சு ரெண்டு நிமிஷத்துல தரை தரையாப் படுத்துக்கிச்சு. வெயில் கட்டத்தை ஒத்தி எடுக்குறப்போ துணி ஓரம் கொஞ்சம் இழுத்துட்டதால வெயில் கோணலா விழுந்திருக்கு. அதை அப்படியே விட்டுட்டேன். எங்க வளவுலயும் ஒரு ஓடு சரிஞ்சு, வெயில் அப்படித்தான் கோணலா விழுது.

அடுத்த நாள் புது அட்டை எடுத்து முதல்லேர்ந்து போட்டேன். தம்பி சொன்ன மாதிரி கண்ணைச் சுருக்கிப் பார்த்தா சொம்புக்குள்ள நானே இருக்கேன், பச்சைச் சேலையில ஒரு சின்னக் கீத்து. இத்தனை நாளும் அது தெரியவே இல்லை. அதையும் போட்டேன். ஒரு கல்லுக்கு மட்டும் முழுப் பூ, ஓரம் கலைஞ்சாப்ல. ஆத்தங்குடித் தம்பி, குனிஞ்சு விரலால தடவிப் பார்த்தேன், நிஜமாவே பச்சை மஞ்சளுக்குள்ள ஒரு இழை ஓடியிருக்கு. 40 வருஷமா அந்தத் தரையைத் துடைக்கிறேன்.

வெள்ளைப் பொட்டு ஒண்ணுதான் வச்சேன், கழுத்துக்குக் கீழ. டிபன் பாக்ஸ் கலர் மூணாம் நாளும் ஈரமாவே இருந்துச்சு.

கோட்டையூர்த் தம்பி, தட்டை எடுத்துப் பார்த்தேன், பேர்ந்த இடம் ரெண்டு இருக்கு. ரெண்டையும் முன்பக்கம் திருப்பி வச்சு இன்னைக்கு வரைய ஆரம்பிச்சிருக்கேன். சீயம் இல்லை, வீட்டுல மாவு தீர்ந்துபோச்சு. தட்டு மட்டும்தான். சேலைக்கு ஆடி வரட்டும், கொடியில அப்பதான் காத்து நல்லா அடிக்கும்.

மாஸ்டர்கிட்ட ஒண்ணு கேக்கணும். தட்டோட வெள்ளை நிழல்ல நீலமாத் தெரியுது, ஆனா கரையோட நீலத்துக்கும் அதுக்கும் வித்தியாசம் காட்ட முடியலை. கரைக்கு எந்த நீலம் எடுக்கட்டும்?


ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர், தேவகோட்டை:

கரைக்கு அல்ட்ராமரினைக் கெட்டியாகப் போடுங்கள். நிழலுக்கு அதே நீலத்தில் ஒரு துளி எடுத்து, நிறைய வெள்ளையும் பர்ன்ட் சியன்னா ஊசி முனையளவும் சேருங்கள். காய்ந்த பிறகு பாருங்கள், ஈரத்தில் முடிவு செய்ய வேண்டாம்.